முகத்தின் உட்பக்கம்

அந்த மாஸ்க் ஏன் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்று கணக்கு டீச்சருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? பயம் பயம்தான்.

ஹாலில் இருந்த இரும்பு பீரோவின் தலைமேல், பழைய சூட்கேசில் சாய்ந்து அது நின்றது. வெள்ளைப் பிளாஸ்டிக், சல்லடை மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. நெற்றியில் தொடங்கி மூக்கு, உதடு, தாடை, கழுத்து வரை அச்சு அசலாக அவள் வீட்டுக்காரர். அவர் போய் நாற்பத்தேழு நாள் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் புற்றுக் கட்டிக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தபோது தலை அசையாமல் இருக்க அவர் முகத்தின் மேல் மாட்டிய கூடு அது. குழிந்த பக்கம் வெளியே தெரியும்படி வைத்திருந்தாள். அவள் அடுப்பங்கரையிலிருந்து வாசலுக்குப் போனால் அதுவும் வாசல் பக்கம் திரும்பியது. குனிந்து செருப்பைத் தேடினால் அதுவும் குனிந்து பார்த்தது.

முகம் என்றால் புடைத்துத்தான் இருக்க வேண்டும் என்று நம் கண் ஒரே பிடிவாதமாக நிற்கும். குழிந்த முகத்தைக் காட்டினாலும் அதைப் புடைத்ததாகவே படித்துக்கொள்ளும். அப்படித் தப்பாகப் படித்த பிறகு, நாம் நகரும்போது முகமும் கூடவே திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால்தான் மூளைக்குக் கணக்கு நேராகும். வருஷா வருஷம் காலேஜில் ஒரு காகித முகத்தை வைத்து இதைச் செய்துகாட்டி, பிள்ளைகள் "ஐயோ மேடம்" என்று அலறுவதைப் பார்த்துச் சிரித்தவள் அவள். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி அதைத் திருப்பி வைத்தாள். புடைத்த பக்கம் வெளியே வந்தது. இனி அது அசையக் கூடாது, அசையவும் இல்லை. ஆனால் அவளைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டால் அவர் அப்படித்தான் உட்காருவார். ஒரு பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். சாயங்காலம் மறுபடி ஸ்டூலைப் போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷனுக்குப் பின்னாலேயே வருகிற மனுஷன் தேவலை என்று தோன்றியது.

கணக்கு டீச்சர் என்பது தெரு வைத்த பெயர். அவள் நடத்துவது வாய்ப்பாடு இல்லை. காலேஜில் வளைந்த பரப்புகளின் வடிவியல். பந்து, டயர், குதிரைச் சேணம் இவற்றின் மேல் ஓர் எறும்பு ஊர்ந்தால், வெளியே எட்டிப் பார்க்காமலே தான் நிற்கும் இடம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அது கண்டுபிடித்துவிட முடியுமா என்கிற மாதிரி சமாசாரம். முடியும் என்பதுதான் ஆச்சரியம். இதைத் தெருவில் ஒருத்தருக்கு விளக்கப் போய், கடைசியில் அவர் மகனுக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தரும்படி ஆயிற்று. அதிலிருந்து அவள் வாயைத் திறப்பதில்லை.

அவர் டிங்கர். அடிபட்டு நசுங்கி வரும் கார்களைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறை வைத்திருந்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். நீ சாக்பீஸால பண்றதை நான் சுத்தியலால பண்றேன். எனக்குச் சத்தம் ஜாஸ்தி, அவ்வளவுதான்," என்பார். கண்ணை மூடிக்கொண்டு கதவின் மேல் உள்ளங்கையை ஓட்டினால் மயிரிழைப் பள்ளம்கூட அவருக்குத் தப்பாது. பெயின்ட் அடித்த பிறகு டியூப் லைட்டின் வெளிச்சம் கதவில் ஒரு கோடாக விழும். அந்தக் கோடு எங்கேயாவது நெளிந்தால் போதும், மறுபடி சுத்தியலை எடுத்துவிடுவார். அது ஏன் நெளிகிறது என்று அவள் ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "என் பொண்டாட்டி எழுதினது, எனக்கே புரியாது" என்று பெருமை அடித்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டைக்குள் கட்டி வந்தது. முப்பத்துமூன்று தடவை கரண்ட் வைக்க வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். நிறுத்தினால் கட்டி அந்த இடைவெளியில் தெம்பு பிடித்துக்கொள்ளுமாம்.

மாஸ்க் செய்தவளை நோயாளிகள் வெந்நீரக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பேசிக்கொண்டே கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். தட்டையான பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டாள். இரண்டே நிமிஷத்தில் அது ஈரத்துணி மாதிரி துவண்டது. எடுத்து, படுத்திருந்தவர் முகத்தின் மேல் இழுத்து விரித்து, ஓரச் சட்டத்தைத் தலைக்குக் கீழே இருந்த பலகையில் நாலு கிளிப்பால் பூட்டினாள். டக், டக், டக், டக். பிறகு புருவம், மூக்குத் தண்டு, உதட்டோரம் என்று இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே போனாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான் அண்ணா. எச்சில் முழுங்காதீங்க," என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசலில் நின்ற டீச்சருக்குத் தான் எதற்காக அங்கே வந்தோம் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. தட்டையான எதையும் இழுக்காமல் கசக்காமல் ஒரு முகத்தின் மேல் உட்காரவைக்க முடியாது. அதை நிரூபிக்க அவளுக்கு இரண்டு கரும்பலகை வேண்டும். இந்தப் பெண் வெறும் கையால் எட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் மாஸ்க்குகளை அடுக்கிவைக்க இடம் கிடையாது. அவரவர் முகத்தை அவரவரே துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். "ஒண்ணரை டிக்கெட் குடுங்க, பைக்குள்ள இன்னொரு மூஞ்சி இருக்கு," என்று பஸ்ஸில் கண்டக்டரைக் கலாய்த்தார் அவர். குரல் இருந்த வரைக்கும் கலாய்த்தார்.

பதினேழாவது நாளுக்குள் சாப்பாடு இறங்காமல் எட்டு கிலோ கரைந்துவிட்டார். கன்னம் ஒட்டிப்போனது. மாஸ்க்குக்குள் முகம் லொடலொட என்று ஆடியது.

"நாளைக்குக் கண்டுபிடிச்சிருவாங்க," என்றார், மிச்சமிருந்த பாதிக் குரலில். "புது மாஸ்க், புது ஸ்கேன், எல்லாம் முதல்லேர்ந்து. பத்துப் பன்னெண்டு நாள் நிறுத்திருவாங்க. நிறுத்தினா நான் திரும்பப் போக மாட்டேன். எனக்கே தெரியுது. இந்த உடம்பு இனிமே என் பேச்சைக் கேக்காது. நீயே சரி பண்ணிரு."

"நானா?"

"வேற யாரு? இதுக்குன்னே படிச்ச ஆளு நீதானே."

அந்த வார்த்தை அவளுக்குக் கொஞ்சம் குஷியைக் கொடுத்தது என்று சொன்னால் டீச்சரைத் தப்பாக நினைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர்களில் மாசக்கணக்கில் தலையாட்டிக்கொண்டு நின்றவளுக்கு, தனக்குத் தெரிந்த ஒரு வேலை அன்றைக்குத்தான் கிடைத்தது.

ஆஸ்பத்திரிப் பலகையை அவர் ஏற்கெனவே கண்ணால் அளந்துவைத்திருந்தார். பட்டறையில் பிளைவுட்டில் அதே மாதிரி ஒன்றை அறுத்து, நாலு கிளிப்பும் பொருத்தினார். மறுநாள், வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்குச் சாப்பாட்டு மேஜை மேல் ஏறிப் படுத்தார். பெயின்ட் காயவைக்கிற ஹீட் கன்னால் அவள் மாஸ்க்கின் இரண்டு கன்னத்தையும் சூடு காட்டி, இளகியதும் அவர் முகத்தில் மாட்டி, கிளிப்பைப் பூட்டி, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். நாலு நிமிஷத்தில் இறுகிவிட்டது. கன்னத்தோடு கன்னமாக உட்கார்ந்தது. நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது. அன்றைக்கும் அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களிலும் ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. மாஸ்க் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தது.

எட்டரை மணிக்கு அவளுக்கு வகுப்பு. ஓரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டால், ஒரு பரப்பை உள்ளே எப்படி வேண்டுமானாலும் அமுக்கலாம், இழுக்கலாம், மொத்த வளைவு மட்டும் மாறவே மாறாது என்பது அன்றைய பாடம். ஓரிடத்தில் குறைத்தால் அது வேறோர் இடத்தில் கூடுதலாகப் போய் நிற்கும். எந்த இடத்தில் என்று தேற்றம் சொல்லாது. நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸ் பலகையில் அப்படியே நின்றுவிட்டது. மேடம் மறந்துவிட்டார் என்று நினைத்துப் பிள்ளைகள் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்கள். அவர் அப்போதுதான் பஸ் ஏறியிருப்பார். போன் அவள் பையில்தான் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

முப்பத்துமூன்றும் முடிந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். ஐந்து மாசம் கழித்துக் கட்டி திரும்ப வந்தது, கரண்ட் பட்ட இடத்தின் ஓரத்தில். அதற்கப்புறம் அதிக நாள் இல்லை.

"ஓரத்துல ஒரு கீற்று கரண்ட் படாம விட்டுப்போயிருக்கு. மாஸ்க்கைச் சரியா செய்யலைன்னா இப்படி ஆகலாம்," என்று, வேறு ஆஸ்பத்திரியில் பார்த்த பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்போது அந்த அறையில் டீச்சர் மட்டும் இல்லை, அண்ணியும் இருந்தாள்.

அண்ணி என்றால் அவருடைய அக்கா. தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள். முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். எந்தப் புகாரை எந்த மேஜைக்கு அனுப்பினால் காரியம் நடக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அழுது முடித்த மறுவாரமே இரண்டு பக்கம் டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டாள். மாஸ்க் செய்த பெண்ணின் கவனக்குறைவால் என் தம்பி செத்தான் என்பதுதான் அதன் சாரம். அண்ணி நேரில் போய் ஒரு பிடி பிடித்ததிலேயே ஆஸ்பத்திரி வெந்நீரக்காவை ஃபைல் ரூமுக்கு மாற்றிவிட்டது. இனி மனைவியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்தால் அந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரியிலும் இன்னொரு முகத்தைத் தொட முடியாது.

முதல் நாள், பேனாவைக் காணோம் என்றாள் டீச்சர். மறுநாள், நிதானமாகப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்றாள். இப்படியே ஒன்பது நாள் ஓடியது.

அந்த ஒன்பது நாளில்தான் மாஸ்க் பீரோவை விட்டு இறங்கி வீடு முழுக்கப் பரவியது. ஸ்பூனின் குழிவில் பார்த்தால் தலைகீழாக ஒரு முகம், அதில் ஒட்டிய கன்னம். டம்ளரின் வயிற்றில் அதே முகம் அகலமாகச் சிரித்தது. தெருவில் நின்ற கார்களின் கதவுகளில் வெளிச்சக் கோடு நெளியாத ஒரு கார்கூட இல்லை. இத்தனை நாள் அவள் அதைக் கவனித்ததே இல்லை. வகுப்பில் சேணப் பரப்பை வரையப் போனால், கை தன்பாட்டுக்குக் கழுத்தும் தாடையும் சேரும் இடத்தை வரைந்துவைத்தது. அங்கேயும் சேணம்தான், ஒரு பக்கம் மேலே வளைந்து மறுபக்கம் கீழே வளையும். "அழகா இருக்கு மேடம்," என்றது ஒரு பெண். அவள் அவசரமாக அழித்தாள். மத்தியான வேளைகளில், யாரும் இல்லாத ஹாலில், நாலு கிளிப் சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தாள். நாலேதான்.

பயத்தை அறிவால் அடக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தும் பார்த்தாள். ஒரு பரப்பின் மேல்பக்கம் ஊர்ந்தாலும் உள்பக்கம் ஊர்ந்தாலும் எறும்புக்கு ஒரே வளைவுதான் கிடைக்கும். புடைப்பா குழியா என்ற வித்தியாசமே அந்தக் கணக்கில் வராது. தான் யாருடைய உட்பக்கம், யாருடைய வெளிப்பக்கம் என்று பரப்புக்குத் தெரியாது. ஒரு பக்கம் அவர் கன்னம் இருந்தது, மறுபக்கம் அவள் கை இருந்தது, நடுவில் இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக். இப்படி யோசித்ததில் பயம் போகவில்லை. அழுகைதான் வந்தது.

இத்தனைக்கும் மாஸ்க்கை எடுத்துத் தூசி தட்டும்போதெல்லாம் அவள் பார்வை நெற்றியில் தொடங்கி உதட்டோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போனதே இல்லை.

பத்தாம் நாள் மத்தியானம் அண்ணி பேனாவையும் தானே கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தபோது வாசல் மணி அடித்தது. வெந்நீரக்கா நின்றாள். கை காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் பழக்கத்தில் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

அண்ணிதான் எட்டிப் பார்த்தாள்.

"யாரு? ஓ, நீயா? என்ன நெஞ்சழுத்தம் இருந்தா இந்த வீட்டு வாசல்ல வந்து நிப்பே?"

"நல்லா திட்டுங்கம்மா. திட்டி முடிச்சிட்டு அந்த மாஸ்க்கை ஒரு தடவை காட்டுங்க, போதும்," என்றாள் வெந்நீரக்கா. "பதினாலு வருஷமா இந்தக் கை முகத்தைத்தான் தொட்டுட்டு இருக்கு. இப்ப என் பொண்ணுக்குத் தலை வாரிவிடக்கூட நடுங்குது. எந்த இடத்துல என் கை தப்புச்சுன்னு தெரிஞ்சாகணும். தப்பு என்னுதுன்னா நானே எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுடறேன். உங்க கையெழுத்துக்கூட வேணாம்."

"காட்டாதே," என்றாள் அண்ணி. "அது சாட்சி. கையில குடுத்தா எதையாவது பண்ணிருவா."

டீச்சர் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கிட்டப் போகப் போக முகம் அவளைப் பார்த்தபடியே மேலே திரும்பியது. கைக்கு வந்ததும் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. கொண்டுவந்து வெந்நீரக்காவின் மடியில் வைத்தாள்.

வெந்நீரக்கா முதலில் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியிலிருந்து உள்ளங்கையை மெதுவாக இறக்கினாள். வேறொரு ஆள் வேறொரு வளைவின் மேல் இப்படித்தான் கை ஓட்டுவார். கை கன்னத்துக்கு வந்ததும் நின்றது. கண்ணைத் திறந்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"இதைப் பாருங்க. தகடு தட்டையா இருக்கும்போது எல்லா ஓட்டையும் வட்டம். முகத்து மேல இழுத்தா ஓட்டை நீளமாயிடும். மூக்கு ஓரத்துல பாருங்க, எப்படி நீண்டிருக்கு. கன்னத்துலயும் அப்படித்தான் இருக்கணும். ஆனா இங்க சுருங்கி, திரும்ப வட்டமாயிருக்கு. பளபளன்னு வேற இருக்கு. ரெண்டாவது தடவை சூடு காட்டினாதான் இப்படி ஆகும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இது என் கை இல்ல."

"இது என் கை இல்ல," என்று இன்னொரு தடவை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அண்ணி அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே காரியத்துக்கு வந்தாள்.

"அப்படின்னா உங்க ஆஸ்பத்திரியிலயே வேற எவனோ கை வச்சிருக்கான். சரி, உன் பேரை எடுத்துட்டு 'அங்குள்ள ஊழியர்'னு போட்டுடலாம். அவங்களே விசாரிச்சுக்கட்டும்."

டீச்சருக்குத் தப்பிக்க வாசல் திறந்துதான் இருந்தது. வெந்நீரக்கா தப்பித்துவிட்டாள், பேர் தெரியாத ஓர் ஊழியர் மேல் பழி போகும், விசாரிப்பார்கள், ஒன்றும் கிடைக்காது, ஃபைல் மூடிக்கொள்ளும். டீச்சர் வாயைத் திறக்கவே தேவையில்லை. சத்தியமாக ஒரு நிமிஷம் அவள் அப்படித்தான் இருந்துவிடப் பார்த்தாள். யார் என்று தெரியாமல் விட்டால் அங்கே கரண்ட் வைக்கிற ஒவ்வொருத்தரும் இந்தப் பெண் மாதிரி தங்கள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே என்று நினைத்ததும் அவளால் முடியவில்லை.

"நான்தான் அண்ணி," என்றாள்.

சொன்னாள். எட்டு கிலோ கரைந்ததை, அவர் பயந்ததை, பிளைவுட் பலகையை, ஹீட் கன்னை, இதே மேஜையை. அண்ணி மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீயாப் பண்ணினியா, அவன் கேட்டானா?"

"அவர்தான் கேட்டார்."

அண்ணி வெகுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனாவை மூடினாள். "அவன் கெஞ்சினா யாரால மாட்டேன்னு சொல்ல முடியும்? சின்ன வயசுல ஜுரத்தோட ஐஸ் கேப்பான், நானே வாங்கிக் குடுத்திருக்கேன். போகட்டும் விடும்மா. நீ வேணும்னா பண்ணினே? இருக்கணும்னுதானே பண்ணினே." என்றவள் காகிதத்தை நாலாக மடித்தாள்.

இத்தனை சுலபமாக விட்டுவிடுவாள் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. நாற்பத்தேழு நாளில் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வெந்நீரக்கா மாஸ்க்கை விடவில்லை. அழுது முடிந்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது. சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தவள், உதட்டுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து நிறுத்தினாள்.

"கன்னத்தை உள்ள அமுக்கினதுல இங்க மேல தூக்கிருச்சு. மூணு, நாலு மில்லி இருக்கும். தலை கொஞ்சம் பின்னால சாய்ஞ்சிருக்கும். மாஸ்க் மேல குறி பார்க்கப் போட்ட எல்லாக் கோடும் சரியா இருக்கும், உள்ள கட்டி மட்டும் நகர்ந்திருக்கும்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, கூட வேலை பார்க்கிறவளிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "தாடைப் பக்கம் பார்த்தீங்களா டீச்சர்?"

டீச்சர் முதல் தடவையாக மாஸ்க்கின் தாடையைப் பார்த்தாள்.

"அதனாலதான் திரும்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது," என்று வெந்நீரக்கா அவசரமாகச் சொன்னாள். "எல்லாம் சரியா இருந்தும் வந்திருக்கு. நான் தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்."

"பார்க்கல," என்றாள் டீச்சர்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. "அவரும் இதையேதான் கேட்டார். மாஸ்க் மாட்டி இறுகினதும், உள்ள இருந்துக்கிட்டே கேட்டார். 'இங்க அமுக்கினா வேற எங்கயாவது எழும்பும், தாடைப் பக்கம் பார்த்தியா?'ன்னு. காலம்பூரா தகரத்தைத் தட்டினவருக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். அன்னிக்கு அதைத்தான் நான் பாடம் நடத்தணும். மணி எட்டாகப் போகுது, பஸ்ஸை விட்டா வகுப்பு போயிடும். ஒரு ஸ்கேலை வச்சுப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நான் ஹீட் கன்னோட வயரைச் சுத்திக்கிட்டே 'பார்த்துட்டேன்'னு சொன்னேன். அவர் மறுபடி கேக்கல."

வெந்நீரக்கா மாஸ்க்கை மேஜை மேல் மெதுவாக வைத்தாள். அண்ணி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இந்த நாற்பத்தேழு நாளில் அவள் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இப்போது கையை நீட்டி, தாடையைப் பிடித்துக் கொஞ்சுகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். டீச்சரைப் பார்க்கவில்லை.

பிறகு மடித்த காகிதத்தைப் பிரித்து, டைப் அடிக்காத பின்பக்கத்தைத் திருப்பி டீச்சர் முன்னால் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"எழுது," என்றாள்.

டீச்சர் எழுதினாள். மாஸ்க்கை வீட்டில் வைத்து மாற்றியது நான். செய்து கொடுத்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. ஆஸ்பத்திரி ஊழியர் யாருக்கும் இது தெரியாது. தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள்.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போஸ்ட் ஆபீஸில் மணியார்டர் பாரத்தைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். படித்து முடித்ததும் காகிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி டீச்சர் பக்கமே தள்ளினாள்.

"பார்த்தியான்னு கேட்டான்ல?"

"கேட்டார்."

"அதையும் எழுது," என்றாள் அண்ணி.